வேலைச் சந்தைதான் காரணம்!

நடுவர் அவர்களுக்கும், பனிக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மன்னார்குடி மக்களுக்கும் வணக்கம். இளைஞர்களின் மன நிம்மதியைக் கெடுப்பது வீட்டு எதிர்பார்ப்பா, வேலைச் சந்தையா? வேலைச் சந்தைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

ஆனால் எதிரணி ஐயா போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். "அந்தக் காலத்தில் சேற்றில் இறங்கி நாற்று நட்டவனுக்கு டிப்ரஷன் வந்ததா? இது ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து படித்த பிள்ளைகளின் சொகுசு நோய்" என்றார். இதற்குப் பதில் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

ஐயா, திருச்சிக்கு மேற்கே காவிரிக் கரையில் குணசீலம் இருக்கிறதே, மனசு கலங்கியவர்களைக் கூட்டிப் போய்ப் பெருமாள் சந்நிதியில் 48 நாள் தங்கவைப்பது நேற்று ஆரம்பித்த வழக்கமா? நட்டவனுக்கும் வந்தது, அறுத்தவளுக்கும் வந்தது. நாம்தான் பேய் என்றோம், கிறுக்கு என்றோம், "அவன் ஒரு மாதிரி" என்று சொல்லி ஒதுக்கினோம். சரி, ஒரு மண்டலம் கோயிலில் தங்க யாரால் முடியும்? நிலபுலம் இருந்த வீட்டில் கூட்டிப் போனார்கள். அன்றாடம் கூலி வாங்கி அரிசி வாங்கியவன் 48 நாள் வேலைக்குப் போகாவிட்டால் அவன் வீட்டில் யார் உலை வைப்பது? இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. பெங்களூரில் இருக்கிற மனநல மருத்துவ நிறுவனம் நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மனச்சோர்வு, பதற்றம் போன்ற குறை உள்ளவர்களில் 100க்கு 85 பேர் சிகிச்சையே பெறவில்லை என்று தெரியவந்தது. இதையா ஐயா சொகுசு என்கிறீர்கள்?

எங்கள் தெருவில் ஒரு பையன். அம்மா கூலிக்கு நடவு நடுகிறவர். குடும்பத்தில் முதல் பட்டதாரி, மெக்கானிக்கல். பேங்கில் ஜாமீன் கேட்காமல் தருகிற 4 லட்சம் கல்விக் கடனில் படித்தான். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் காண்டிராக்ட் வேலை, ஆர்டர் குறைந்ததும் அனுப்பிவிட்டார்கள். தை மாசம் நீடாமங்கலத்தில் உறவுக்காரர் கல்யாணம், அம்மா விடாப்பிடியாகக் கூட்டிப் போனார்.

பந்தியில் உட்காருகிறான். இலையில் தண்ணீர் தெளிக்கும்போதே பக்கத்து இலைக்காரர், "தம்பி இப்ப எங்க இருக்கீங்க?" "ஊர்லதான் மாமா." சாம்பார் வருகிறது. எதிர்வரிசைச் சித்தப்பா, "இன்ஜினியருக்கெல்லாம் இப்ப மதிப்பே இல்லையாமே?" வத்தக்குழம்பு வருகிறது. "குரூப் ஃபோர் எழுதலாமே தம்பி, பத்தாவது படிச்சாலே போதும்!" எழுதியிருக்கிறான் ஐயா! 2024 குரூப் ஃபோருக்கு அறிவிப்பு வந்தபோது 6,244 இடம், விண்ணப்பம் போட்டவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர், அதில் இவனும் ஒருத்தன். ரசம் வருகிறது. வாளியோடு வந்தவர் யாரென்றே தெரியாது, அவரும் குனிந்து, "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டான். நம் பக்கத்தில் பாதிப் பந்தியில் எழுந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"பார்த்தீர்களா, கேட்டதெல்லாம் சொந்தக்காரர்கள்தானே" என்று எதிரணி துள்ளும். இருங்கள், கதை முடியவில்லை. நாலு இலை தள்ளி இன்னொரு பையன். அதே காலேஜ், அதே பேட்ச், அவனுக்கும் வேலை இல்லை. அப்பாவுக்குக் கும்பகோணத்தில் பாத்திரக் கடை. அதே மாமா அவனையும் கேட்டார். "ஐஏஎஸ்ஸுக்குப் படிக்கிறேன் மாமா, சென்னையில கோச்சிங்." "சபாஷ்!" என்றார் மாமா, பையன் ரெண்டாந்தடவை பாயசம் கேட்டு வாங்கினான். கேட்ட வாய் ஒன்று, கேள்வியும் ஒன்று. வேலை இல்லாத வருஷத்துக்கு அவன் வீட்டில் கோச்சிங் என்று பெயர், இவனுக்கு ஊர் வாயில் தண்டச்சோறு என்று பெயர், அதற்கு மேல் பேங்க் வட்டி வேறு. வேலைச் சந்தை இரண்டு பேரையும்தான் வெளியே நிறுத்தியது, ஆனால் காத்திருக்க வசதி உள்ளவனுக்கு ராத்திரி தூக்கம் வருகிறது, இவனுக்கு வரவில்லை.

அந்த அம்மா என்ன எதிர்பார்த்தார் தெரியுமா? வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். "பாதியில எழுந்துட்டியேப்பா, வயிறு என்னாவும்?" நடவு நட்டு இடுப்பு ஒடிந்து வந்தவர், மறுபடி அடுப்பு மூட்டி, பருப்பில்லாத ரசம் வைத்து, சோற்றைப் பிசைந்து பிள்ளை கையில் உருட்டி வைத்தார். கடன் நோட்டீஸ் வந்த அன்றைக்கும் அவன் கண்ணில் படாமல் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்த தாய் அவர். அந்தத் தாயின் மேலா ஐயா பழி போடுகிறீர்கள்?

இந்தக் கூட்டத்திலும் அந்த மாதிரிப் பிள்ளைகள் இருப்பீர்கள். தம்பி, தங்கச்சி, 14416 என்று ஒரு நம்பர், டெலி மனஸ், மனசு கஷ்டத்தைச் சொல்லி உதவி கேட்க அரசாங்கம் நடத்துவது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும்போது அந்த அம்மாவைக் கூண்டில் ஏற்றாதீர்கள். ஏற்ற வேண்டியது வேலைச் சந்தையை. வணக்கம்.