மேன்லி ஃபெரியைப் படம் எடுக்கிறது எப்படி: அலை, வெளிச்சம், அதிகம் பேர் எடுக்காத பக்கம்

[காட்சி: சர்க்குலர் கீ ஜெட்டியிலிருந்து பச்சை உடலும் வெளிர்மஞ்சள் மேல்தளமுமாக ஒரு பெரிய ஃபெரி வெளியே வருகிறது. பின்னால் ஹார்பர் பாலம்.]

சிட்னியில சர்க்குலர் கீ மூணாம் நம்பர் ஜெட்டியிலிருந்து மேன்லிக்கு சுமார் 11 கிலோமீட்டர், அரை மணி நேரப் பயணம். இந்த வழியில ஓடுறதுக்காக 70 மீட்டர் நீளத்துல, 1100 பேர் ஏறுற மாதிரி நாலு ஃபெரி கட்டினாங்க. ஃப்ரெஷ்வாட்டர் 1982-ல, க்வீன்ஸ்க்ளிஃப் 1983-ல, நாராபீன் 1984-ல, கொலராய் 1988-ல. நாலுக்கும் சிட்னியோட வடக்குக் கடற்கரைகளோட பேர்தான். 2021-ல எமரால்டு வகைப் புது ஃபெரிகள் இந்த வழித்தடத்துக்கு வந்தப்போ, பழசையெல்லாம் ஓய்வுக்கு அனுப்பத் திட்டம் போட்டாங்க. ஊர் மக்கள் விடலை. அதனாலதான் இந்த வகைக் கப்பல் அதுக்கு அப்புறமும் ஓடுச்சு.

40 வயசு தாண்டின கப்பல் எந்த வருஷமும் நிக்கலாம். அதனால காமிராவோட இதுங்க பின்னாடி போறவங்க நிறைய. எங்க நிக்கணும், எப்ப போகணும், எது ஏமாத்தும்னு பார்ப்போம். அதோட, நிறைய பேர் விட்டுடுற ஒரு விஷயமும் இருக்கு. அதைத்தான் இந்த வீடியோவுல அழுத்திச் சொல்லப்போறோம்.

[காட்சி: வழித்தட வரைபடம். சர்க்குலர் கீ, பிராட்லீஸ் ஹெட், துறைமுக வாய், மேன்லி.]

முதல்ல கப்பலைப் புரிஞ்சுக்கணும். இது ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கிற ஃபெரி. ரெண்டு முனையிலயும் மாலுமி அறை, ரெண்டு முனையிலயும் ப்ரொப்பல்லர். ப்ரொப்பல்லர் இதழோட கோணத்தை மாத்தலாம். ஓட்டத்துல தள்ளுற வேலையைப் பின்னாடி இருக்கிறது செய்யும். ஜெட்டியை நெருங்கும்போது முன்னாடி இருக்கிறது பிரேக் மாதிரி வேலை செய்யும். மேன்லி ஜெட்டிக்குள்ள நுழையும்போது மூக்குக்கு அடியில வெள்ளையா நுரை கொதிக்கிறதைப் பார்க்கலாம், அதுக்குக் காரணம் இதுதான்.

இந்தக் கப்பல் திரும்பாது. மேன்லி போகும்போது முன்னாடி இருந்த முனை, வரும்போது பின்னாடி இருக்கும், அவ்வளவுதான். இதோட விளைவை யோசிச்சுப் பாருங்க. வடகரையில நின்னு எடுத்தா, போகும்போதும் வரும்போதும் உங்களுக்குத் தெரியுறது கப்பலோட அதே ஒரு பக்கம். நாள் முழுக்க அங்கேயே நின்னாலும் மறுபக்கம் கிடைக்காது. ஒரு கப்பலைப் பத்தி 500 படம் வச்சிருக்கிறவங்ககிட்டகூட ஒரே பக்கம் மட்டும் இருக்கலாம். மறுபக்கம் வேணும்னா கரை மாறணும்.

[காட்சி: சூரியப் பாதை வரைபடம், ஜூன் மற்றும் டிசம்பர்.]

கரை மாறினா வெளிச்சமும் மாறும். தமிழ்நாட்டுலயோ இலங்கையிலயோ இருந்து போறவங்க இதைக் கவனிக்கணும்: சிட்னி தெற்கு அரைக்கோளத்துல 34 டிகிரியில இருக்கு. அங்க நண்பகல் சூரியன் வருஷம் முழுக்க வடக்குப் பக்கம்தான். ஜூன்ல உச்சியில இருக்கும்போதே அடிவானத்துக்கு மேல 33 டிகிரிதான். டிசம்பர்ல கிட்டத்தட்ட 80. அதனால ஜூன், ஜூலை மாசங்கள்ல நாள் முழுக்கச் சாய்ஞ்ச நல்ல வெளிச்சம். டிசம்பர்ல காலை 9 மணிக்கு மேல மேல்தளத்தோட நிழல் கீழ்த்தளத்தைக் கறுப்பாக்கிடும்.

வடகரையில பிராட்லீஸ் ஹெட் முதல் இடம். முனையில எச்.எம்.ஏ.எஸ். சிட்னி போர்க்கப்பலோட பாய்மரக் கம்பம் நிக்குது, அதுதான் அடையாளம். ஃபெரி உங்களுக்குத் தெற்கே, ரொம்பக் கிட்டத்துல கடக்கும். சூரியன் உங்க முதுகுக்குப் பின்னால. காலையில நகரத்துல இருந்து வர்ற ஃபெரி நேரா உங்களைப் பார்த்து வரும். பின்னாடி ஆப்பரா ஹவுஸும் பாலமும் ஒண்ணா அடுக்கா நிக்க, 300-லிருந்து 400 மிமீ டெலி லென்ஸ் எடுத்துப்போங்க. சாயங்காலம் சூரியன் நகரத்துக்குப் பின்னால போயிடும். அப்ப நிழலுருவம்தான் கிடைக்கும். அதுவும் அழகுதான், ஆனா கப்பல் பேரைப் படிக்க முடியாது.

தெற்குப் பக்கத்துக்கு, மிஸஸ் மக்குவாரீஸ் பாயின்ட்ல பலர் நிப்பாங்க. அங்கேயிருந்து வடக்கே பார்க்கும்போது சூரியன் முகத்துல அடிக்கும். கோடையில அதிகாலையும் சூரியன் விழுற நேரமும் மட்டும்தான் அந்தப் பக்கத்துல நேரடி வெளிச்சம் படும், ஏன்னா அப்பதான் சூரியன் கிழக்கு மேற்குக் கோட்டுக்குத் தெற்கே எட்டிப்பார்க்கும். அதைவிடச் சிறந்த வழி ஒண்ணு இருக்கு. பிராட்லீஸ் ஹெட் தாண்டினதும் ஃபெரி வடகிழக்கே திரும்பும். அப்ப அதோட தெற்குப் பக்கம் தென்கிழக்கைப் பார்க்கும். வாட்சன்ஸ் பே வரைக்கும் பஸ்ல போய், கேம்ப் கோவ் வழியா நடந்து சவுத் ஹெட் முனைக்குப் போனா, 1858-ல கட்டின, சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஹார்ன்பி கலங்கரை விளக்கம் வரும். அந்தக் கரையில காலை வேளையில அந்தப் பக்கத்துக்கு வெளிச்சம் கிடைக்கும். ஜூன்ல அது ரொம்பச் சாய்வா, தகட்டை உரசிக்கிட்டே போற வெளிச்சம். அதோட மதிப்பு எதுக்குன்னு கொஞ்ச நேரத்துல சொல்றோம்.

[காட்சி: துறைமுக வாயில் ஃபெரியின் மூக்கு அலைக்குள் இறங்கி எழுகிறது. மெதுவான ஓட்டம்.]

இப்ப எல்லாரும் தேடுற அந்தப் படம். துறைமுக வாய் நார்த் ஹெட்டுக்கும் சவுத் ஹெட்டுக்கும் நடுவுல நேரா பசிபிக்கைப் பார்த்துத் திறந்திருக்கு. அந்த இடத்தைக் கடக்கும்போது மட்டும் மேன்லி ஃபெரி திறந்த கடல் அலையைச் சந்திக்கும்.

எந்த அலை வேணும்? உயரத்தை மட்டும் பார்க்காதீங்க. திசை, இடைவெளி (ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல ஆகுற நேரம்) ரெண்டும் அதைவிட முக்கியம். சிட்னிக்கு அதிகமா வர்றது தெற்கிலிருந்து வர்ற அலை. அது தலைநிலங்கள்ல, அதாவது அந்த ரெண்டு ஹெட் முனையிலயும் பட்டு, வளைஞ்சு, வலுக்குறைஞ்சுதான் உள்ள நுழையும். கிழக்கு, தென்கிழக்கு அலைன்னா நேரா உள்ள வரும். அதே 3 மீட்டர்தான், ஆனா தெற்கு அலையில படம் ஒண்ணுமில்லாமப் போகலாம், கிழக்கு அலையில மூக்கு முழுக்க நனையலாம்.

அடுத்தது இடைவெளி. ஆழமான கடல்ல அலை நீளத்தைக் கணக்குப் போட ஒரு எளிய வழி: இடைவெளி விநாடியை அதாலேயே பெருக்கி, 1.56-ஆல பெருக்குங்க. 7 விநாடி அலைன்னா சுமார் 76 மீட்டர். கிட்டத்தட்ட கப்பலோட நீளமே. அப்ப மூக்கு சட்டுனு ஏறி இறங்கும். 12 விநாடின்னா 225 மீட்டர். ஆழ்கடல்ல அது மேல கப்பல் மெத்துனு ஏறி இறங்கிப் போயிடும். ஆனா துறைமுக வாயில ஆழம் குறையுறதால நீளமான அலை சுருங்கிச் செங்குத்தாகும். நீர் வத்துற நேரத்துல வெளியே போற ஓட்டம் உள்ள வர்ற அலையை எதிர்த்துத் தள்ளும், அப்ப இன்னும் செங்குத்து. அதனால அலை அறிக்கையோட கடல் ஏற்ற வற்ற அட்டவணையையும் வச்சுக்கிட்டு, வத்துற மணி நேரத்துல விழுற பயணங்களைக் குறிச்சுக்கோங்க.

தகவல் எங்க கிடைக்கும்? மேன்லி ஹைட்ராலிக்ஸ் லேபரட்டரி கடல்ல மிதவை போட்டு அலை உயரம், இடைவெளி, திசை எல்லாத்தையும் வெளியிடுது. அதுல முதல்ல தெரியுற உயரம், உயரமான மூணுல ஒரு பங்கு அலைகளோட சராசரி. தனி அலை ஒண்ணு அதுல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வரைக்கும் போகும்.

புயல் உச்சத்துல இருக்கிற அன்னிக்கு ஓடாதீங்க. ரொம்பப் பெரிய கடல்னா ஃபெரி சேவையையே நிறுத்திடுவாங்க. மழையிலயும் மங்கல்லயும் படமும் தேறாது. புயல் விலகின மறுநாள்தான் சரியான நாள்: காத்து குறைஞ்சிருக்கும், வானம் வெளுத்திருக்கும், கடல் மட்டும் இன்னும் அடங்கியிருக்காது, ஃபெரியும் திரும்ப ஓடத் தொடங்கியிருக்கும்.

நிக்க வேண்டிய இடம் டோப்ராய்ட் ஹெட். துறைமுக வாயை நேரா பார்க்கிற மேடு. ஃபெரி உங்களுக்கும் கடலுக்கும் நடுவுல குறுக்கே போகும். மதியத்துக்கு மேல போங்க, காலையில சூரியன் எதிர்ல. மேட்டுல நிக்கிறதால அலை கொஞ்சம் தட்டையாத் தெரியும். கீழே பாறைக்கு இறங்கினா பெரிசாத் தெரியும், உண்மைதான். ஆனா எந்த அலைக்காகப் போறீங்களோ அதே அலைதான் அந்தப் பாறையையும் கழுவிட்டுப் போகும். ஈரமான கறுப்புப் பாசி படிஞ்ச பாறையில கால் நிக்காது. மேல நின்னு நீளமான லென்ஸ் போடுங்க.

லென்ஸ் கணக்கு இதோ. முழுச் சட்டக் (ஃபுல் ஃப்ரேம்) காமிராவுல சென்சார் அகலம் 36 மிமீ. 70 மீட்டர் கப்பலுக்கு ரெண்டு பக்கமும் இடம் விட்டு 100 மீட்டர் அகலம் தேவைன்னு வைங்க. கப்பல் 500 மீட்டர் தூரத்துல இருந்தா 180 மிமீ, ஒரு கிலோமீட்டர் தூரத்துல 360 மிமீ. சின்ன சென்சார்னா இதை 1.5-ஆல வகுத்துக்கோங்க.

ஷட்டர் 1/1000-க்குக் கீழ போகாதீங்க. கப்பல் மெதுவாத்தான் போகும், ஆனா தெறிக்கிற தண்ணி மெதுவாப் போகாது. வெளிச்ச அளவை முக்கால் ஸ்டாப் குறைச்சு வைங்க, இல்லைன்னா நுரை வெறும் வெள்ளைத் திட்டா எரிஞ்சுபோகும், அதைத் திரும்ப மீட்க முடியாது. நிறைய பேர் தண்ணி தெறிச்சதைப் பார்த்த பிறகு பட்டனை அழுத்துவாங்க. அதுக்குள்ள முடிஞ்சிருக்கும். மூக்கு மேல எழும்பி நிக்கிற நொடியில அழுத்தத் தொடங்கி, ஒண்ணரை விநாடி விடுங்க. விடாம அழுத்தினா காமிராவோட இடைநினைவு (பஃபர்) நிறைஞ்சு, அடுத்த பெரிய அலையில காமிரா நின்னுபோகும். பெரிய அலைங்க கூட்டமாத்தான் வரும்.

இன்னொண்ணு. கடல் மோசமா இருந்தா கேப்டன் நேர் வழியில போகமாட்டார். பக்கவாட்டுல அலை அடிச்சா கப்பல் உருளும், அதனால முதல்ல மூக்கைக் கடல் பக்கம் திருப்பி அலையை எதிர்த்துப் போய், பிறகு திரும்பி, அலையைப் பின்னாடி வாங்கிக்கிட்டு மேன்லிக்குள்ள போவார். நல்ல படம் அந்த முதல் பாதியிலதான். வழக்கமான பாதையில குறிவச்சுக் காத்திருந்தா தவறவிடுவீங்க.

[காட்சி: கைபேசியில் கப்பல் இருப்பிட வரைபடம்.]

இவ்வளவும் செஞ்சு போய் நின்னா, பழைய ஃபெரிக்குப் பதிலா எமரால்டு வந்து நிக்கும். இது அடிக்கடி நடக்குறதுதான், அட்டவணையை மட்டும் நம்பாதீங்க. கப்பல்கள் தங்களோட பேரையும் இருப்பிடத்தையும் ரேடியோவுல அனுப்புற முறைக்கு ஏ.ஐ.எஸ்.னு பேர். கிளம்புறதுக்கு முன்னாடி ஏ.ஐ.எஸ். வரைபடத் தளத்துல கப்பல் பேரைத் தேடுங்க. தொலைதூர இடங்கள்ல அந்தத் தளங்கள் தாமதமாக் காட்டலாம். பின்தொடர்றதை வழக்கமாச் செய்றவங்க வீட்டுலயே கம்ப்யூட்டர்ல செருகுற ஒரு யு.எஸ்.பி. எஸ்.டி.ஆர். ரேடியோ ரிசீவர் வச்சுக்கலாம். ஏ.ஐ.எஸ். வர்றது 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள்ல. கால் அலை ஆன்டெனாவுக்கு 46 சென்டிமீட்டர் கம்பி போதும். ஆனா தண்ணி கண்ணுக்குத் தெரியுற உயரத்துல வைக்கணும், குன்றுக்குப் பின்னால இருந்தா சிக்னல் வராது.

ட்ரோன் வேணாம். துறைமுகத்து மேல தடை செஞ்ச வான்பகுதி இருக்கு. தலைநிலங்கள்ல பெரும்பாலானது தேசியப் பூங்கா, அங்கயும் அனுமதி வேணும்.

[காட்சி: கப்பல் பக்கத் தகட்டின் நெருக்கக் காட்சி. சட்டங்களுக்கு நடுவே லேசான பள்ளங்கள்.]

இப்ப அந்த விட்டுப்போற விஷயம். அலைக்குள்ள பாயுற மேன்லி ஃபெரிப் படம் ஆயிரக்கணக்குல இருக்கு. அதை எடுக்க வேணாம்னு சொல்லலை. ஆனா 1938-ல வந்த சவுத் ஸ்டெய்ன், 1922-ல வந்த பரகூலா மாதிரியான பழைய மேன்லி ஃபெரிகளைக் காப்பாத்த முயற்சி பண்ணினவங்களுக்குத் தேவைப்பட்டது புயல் படம் இல்லை. கதவுக் கீல் எப்படி இருந்துச்சு, இருக்கை எந்த வரிசையில, எந்த வருஷம் எந்தத் தகட்டை மாத்தினாங்க, இதுதான். பரகூலா 2022 புத்தாண்டு அன்னிக்குக் கட்டியிருந்த இடத்துலயே மூழ்கிப்போச்சு. இனி அதை அளந்து பார்க்க வழியில்லை. இருக்கிற படம்தான் இருக்கு.

அதனால கப்பல் ஓடும்போதே இதைச் செய்யுங்க. ரெண்டு பக்கம், ரெண்டு முனை, ஒரே இடத்துல ஒரே குவியத்தூரத்துல, மூணு மாசத்துக்கு ஒரு தடவை. ட்ரை டாக் (தண்ணிக்கு வெளியே வச்சுப் பழுதுபார்க்கிற இடம்) போகும் முன்னாடி ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை. ஜூன் மாசக் காலை வெளிச்சம் தகட்டை உரசும்னு சொன்னோமில்லையா, அந்த நேரத்துல எடுத்தா உள்ளே இருக்கிற சட்டங்களுக்கு நடுவுல தகடு பள்ளம் விழுந்திருக்கிறது தெளிவாத் தெரியும். நேர் வெளிச்சத்துல அது தெரியவே தெரியாது. தண்ணி வடியுற துளைக்குக் கீழ துருக் கோடு, நீர்மட்டத்துல பாசி, ஜெட்டியில உரசுற பட்டையோட தேய்மானம், இதெல்லாம் தனித்தனி நெருக்கப் படம்.

கப்பல்ல ஏறும்போது வெளித்தளத்துக் கைப்பிடியில சாயாதீங்க, எஞ்சின் அதிர்வு நேரா லென்ஸுக்கு வரும். முழங்கையை உடம்போட ஒட்டி நில்லுங்க. உப்புத்தண்ணி பட்டா காய்ஞ்ச துணியால தேய்க்காதீங்க, உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும். நல்ல தண்ணியில நனைச்ச துணியால ஒத்தி எடுத்த பிறகுதான் துடைக்கணும். உள்ளே வீடியோ எடுத்தா 25 அல்லது 50 ஃப்ரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100. ஆஸ்திரேலிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், 60-ல எடுத்தா விளக்கு துடிக்கும்.

சத்தத்தையும் விடாதீங்க. ஜெட்டியை விட்டுக் கிளம்பும்போது வர்ற நீள ஹாரன், 4-லிருந்து 6 விநாடி. பிறகு எஞ்சின் மெல்ல ஏறுறது. மேன்லியை நெருங்கும்போது முன் ப்ரொப்பல்லர் தண்ணியைப் பிடிக்கிற அதிர்வு. மைக்குக்குக் காத்துத் தடுப்பு ரோம உறை கட்டாயம். வெளித்தளத்துல பிடிக்காம, படிக்கட்டு மறைவுல, என்ஜினுக்கு மேல இருக்கிற தளத்துல பிடிங்க.

கடைசியா கோப்புப் பேர். தேதி, நேரம், கப்பல், எந்த முனை, எங்க நின்னு எடுத்தது, இந்த வரிசையில. நாலு கப்பலும் தூரத்துல ஒரே மாதிரி, அதனால பேர்ப்பலகை தெரியுற ஒரு படமாவது ஒவ்வொரு வரிசையிலயும் இருக்கணும். சிட்னியில அக்டோபர் முதல் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி முன்னாடி போகும், ஏப்ரல் முதல் ஞாயிறு திரும்பும். காமிரா அதைத் தானா மாத்தாது. மாத்த மறந்தா ஆறு மாசப் படம் முழுக்க ஒரு மணி நேரம் தப்பா இருக்கும், அப்புறம் எந்தப் பயணம், எந்தக் கப்பல்னு அட்டவணையோட ஒப்பிட முடியாது. காமிராவை எப்பவும் யு.டி.சி., அதாவது உலகப் பொது நேரத்துலயே வச்சு, கோப்புப் பேருலயும் அதையே எழுதிடுங்க.