ஏர் இழுக்கும் எருதை வரைந்தவர்

வணக்கம் நேயர்களே. தம்பலகாமத்திலும் மூதூரிலும் எருது பூட்டி உழுததைப் பார்த்தவர்கள் நீங்கள். அதனால் ரோசா பொனர் என்ற பிரெஞ்சு ஓவியரைப் பற்றி உங்களோடு பேசுவது எனக்கு எளிது.

1822இல் போர்தோ நகரில் பிறந்தவர். படிக்கச் சிரமப்பட்ட மகளுக்கு, எழுத்துக்கு ஒரு விலங்காக வரையவைத்து எழுத்துக் கற்பித்தார் தாய்.

1849இல் காட்சிக்கு வைத்த ‘நிவெர்னேயில் உழவு’ என்ற ஓவியத்தில் ஏருக்கு ஆறாக இரண்டு ஏர், பன்னிரண்டு எருதுகள். இதில் கொஞ்சம் நின்று பேசவேண்டும். எங்கள் மாட்டுக்குத் திமில் உண்டு. நுகம் திமிலுக்கு முன்னால் கழுத்தில் கிடக்கும். மாடு திமிலைக் கொடுத்துத் தள்ளும். அந்த எருதுகளுக்குத் திமில் இல்லை. நுகத்தைக் கொம்போடு வாரால் இறுக்கியிருப்பார்கள். இழுவை தலையிலும் பிடரியிலும் விழும். அந்தப் படத்தைப் பார்த்து வரையப் பழகும் பிள்ளைகள் எங்கள் மாட்டுக்கும் நுகத்தைக் கொம்படியில் வைத்தால் படம் பிழையாகிவிடும். முதலில் திமில், அதற்கு முன்னே நுகம், பிறகு கழுத்தின் கீழே தொங்கும் அலைதாடி. கொம்பு கடைசியில் வரட்டும்.

பின்னங்காலையும் கவனியுங்கள். பாரம் இழுக்கும் மாடு பின்னங்காலை ஊன்றி உடம்பை முன்னே சாய்க்கும். நாலு காலும் நேராக நின்றால் அந்த மாடு ஏரை இழுக்கவில்லை, ஏரோடு சும்மா நிற்கிறது. திரும்பவும் சொல்கிறேன்: திமில், நுகம், பின்னங்கால். இந்த மூன்றும் சரியென்றால் உழவன் கண்ணுக்குப் படம் தேறிவிடும்.

பொனருக்கு இது கைவந்தது தோலுக்கு உள்ளே பார்த்ததால். பாரிஸின் மாடறுக்கும் கொட்டில்களில் எலும்பும் தசையும் எப்படிப் பொருந்துகின்றன என்று பார்த்துப் பார்த்து வரைந்தார். இறைச்சிக் கடையில் தொடை எலும்பு இடுப்புக் குழியில் இருந்து கழலுவதைக் கண்டிருப்பீர்கள். பின்னங்கால் எங்கே மடியும் என்று அந்த மூட்டுத்தான் சொல்லும். அந்த இரத்தச் சேற்றில் நீண்ட பாவாடை இடைஞ்சல். பெண்கள் காற்சட்டை அணியப் பொலிஸ் அனுமதி வேண்டிய காலம் அது. அவர் அனுமதிச் சீட்டு வாங்கினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டியிருந்தது. படிப்புக்காக ஒரு பெண் இவ்வளவு அலைந்திருக்கிறாரே என்று நான் வியக்கிறேன்.

‘குதிரைச் சந்தை’ என்ற அவருடைய ஓவியத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஏறத்தாழ இரண்டரை மீற்றர் உயரம், ஐந்து மீற்றர் அகலம். இப்போது நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1865இல் பேரரசி யூஜெனி அவர் வீடு தேடிவந்து பிரான்சின் உயர் விருதை அணிவித்தார். அதைப் பெற்ற முதல் பெண் ஓவியர் அவரே. 1899இல் காலமானார். நன்றி, வணக்கம்.