ஓராண்டில் ஆட்சியை ஒப்படைத்த சூடான் தளபதி

[காட்சி: இரண்டு நைல் நதிகள் கூடும் கார்ட்டூம் நகரம்]

வணக்கம். ராணுவம் ஆட்சியைப் பிடிக்கும் நாடுகளில் "விரைவில் தேர்தல்" என்ற அறிவிப்பு வழக்கமாக வரும், தேர்தல்தான் வருவதில்லை. 1985-இல் சூடானின் ஜெனரல் அப்துல் ரஹ்மான் சுவார் அல் தஹப் ஓராண்டு தவணை கேட்டார், அந்தத் தவணையைக் காப்பாற்றினார்.

அப்போது சூடானை 16 ஆண்டுகளாக ஆண்டுகொண்டிருந்த ஜாஃபர் நிமெய்ரியும் ராணுவப் புரட்சியால் வந்தவரே. மேற்கே பஞ்சம், தெற்கே 1983-இல் மீண்டும் மூண்ட உள்நாட்டுப் போர், கழுத்தை நெரிக்கும் கடன் என்று நாடு தத்தளித்த வேளையில் ரொட்டி விலையும் ஏற, மார்ச் மாத இறுதியில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் தொழிற்சங்கங்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நிமெய்ரியோ அமெரிக்கப் பயணத்தில் இருந்தார்.

[காட்சி: பழைய வானொலிப் பெட்டி]

ஏப்ரல் 6 அன்று வானொலியில் ஒலித்தது, நிமெய்ரியே சில வாரங்களுக்கு முன் தலைமைத் தளபதியாக நியமித்த சுவார் அல் தஹபின் குரல். ராணுவம் மக்கள் பக்கம் நிற்கிறது என்று அவர் அறிவித்தபோது, நாடு திரும்பும் வழியில் கெய்ரோவில் இறங்கிய நிமெய்ரி, அங்கேயே தங்க வேண்டியதாயிற்று.

15 பேர் கொண்ட இடைக்கால ராணுவக் கவுன்சிலுக்குச் சுவார் அல் தஹப் தலைமை ஏற்றார். பிரதமர் பொறுப்பு, மருத்துவர் சங்கத்தை வழிநடத்திய அல் ஜஸூலி தஃபல்லாவுக்குப் போனது. இந்த ஏற்பாட்டை நான் முக்கியமாகக் கருதுகிறேன். நிமெய்ரியை வீழ்த்தியது முதலில் வேலைநிறுத்தம், பிறகுதான் ராணுவம்; அதனால் தளபதியின் நேர்மையைப் போற்றும்போது, அவரை அந்த வாக்குறுதிக்குக் கட்டிப்போட்ட சங்கங்களையும் சேர்த்தே போற்ற வேண்டும்.

குறைகளும் இருந்தன. நிமெய்ரி 1983-இல் கொண்டுவந்த கடுமையான ஷரியத் சட்டங்களை இடைக்கால ஆட்சி நீக்கவில்லை. தெற்கில் அரசை எதிர்த்துப் போரிட்ட கிளர்ச்சித் தலைவர் ஜான் கராங், 1969 மே மாதம் பிறந்த நிமெய்ரி ஆட்சியின் மறுபதிப்பே இது என்ற பொருளில் "இரண்டாம் மே" என்று சொல்லிப் பேச்சுவார்த்தையை ஏற்க மறுத்தார். 1986 ஏப்ரலில் தேர்தல் நடந்தபோது, போரால் தெற்கின் பல தொகுதிகளில் வாக்குப்பதிவே நடக்கவில்லை.

ஆயினும் மே மாதம் சாதிக் அல் மஹ்தி பிரதமரானார். சுவார் அல் தஹப் பதவி விலகி, இஸ்லாமியத் தொண்டு அமைப்பொன்றின் பணிக்குச் சென்றார். 1989 ஜூன் 30 அன்று ராணுவ அதிகாரி ஒமர் அல் பஷீர் அந்த மக்களாட்சியைக் கவிழ்த்து, முப்பது ஆண்டுகள் நகராமல் அமர்ந்தார்.

[காட்சி: ராணுவத் தலைமையகத்தின் முன் மக்கள் திரள்]

2018 அக்டோபரில் சுவார் அல் தஹப் காலமானார். அடுத்த ஆண்டு, கார்ட்டூம் ராணுவத் தலைமையகத்தை முற்றுகையிடப் போராட்டக்காரர்கள் தேர்ந்தெடுத்த நாள் ஏப்ரல் 6. ஐந்தாம் நாள் பஷீர் வீழ்ந்தார்.