கம்பி மேலேயா, கீழேயா?

பெரியவர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம். டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் மேடையில் தமிழிலேயே பேசச் சொன்னீர்கள். மெதுவாகவே பேசுகிறேன்.

டர்பனில் இரண்டு வருடம் பொறியியல் படித்தவள், ஏன் ஜோகன்னஸ்பர்க்கில் விட்ஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறினாய் என்று கேட்காத ஆள் இல்லை. பெயருக்காகப் போகவில்லை.

அப்பா ஸ்தபதி. கோயில் திருப்பணிக்காக மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து எங்களையும் அழைத்துக்கொண்டு இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு வந்தவர். ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனேன். சாரத்தில் நின்றபடியே, சுவருக்கு மேலே வளைந்து நீளும் கூரை விளிம்பான கொடுங்கையைக் காட்டிக் கேட்டார்: "இந்தக் கொடுங்கை சுவரை விட்டு ரெண்டடி நீட்டிக்கிட்டு நிக்குது. கான்கிரீட்டுக்குள்ள கம்பியை மேல்பக்கம் போடணுமா, கீழ்ப்பக்கம் போடணுமா?"

"கீழே" என்றேன். இரண்டு முனையும் சுவரில் உட்காரும் உத்தரத்தில் அடிப்பக்கம்தானே போடுவோம்! அந்த வாரம்தான் அதே பாடத்தில் 84 வாங்கியிருந்தேன். அப்பா கரணையை வைத்துவிட்டுக் கையை நீட்டி, தோள்பட்டைக்குக் கிட்டே மேல்பக்கம் தட்டிக் காட்டினார். "ஒரு பக்கந்தான் பிடிப்பு. நுனி தொங்கப் பார்க்கும், மேலே இழுபடும். விரிசலும் அங்கேதான் விழும். கம்பி மேலேம்மா."

அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான் 84 வாங்கிய தேர்வில், போன வருடத்து வினாத்தாளில் எண்களை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். நானும் சூத்திரத்தில் போட்டு எழுதிவிட்டு வந்திருந்தேன். நாளை நான் கட்டும் பால்கனியில் ஒரு குழந்தை நிற்குமே!

மாறுவது எளிதாக இல்லை. படித்ததில் பாதியைத்தான் ஏற்றுக்கொண்டார்கள். படிப்பு விசாவையும் மாற்ற வேண்டியிருந்தது. "இங்கேயே நல்லா பாஸ் பண்றியேடி" என்று அம்மா அழுதார்கள்.

அப்போதுதான் கோயிலுக்கு வரும் தாத்தா ஒருவர் தன் கதையைச் சொன்னார். நிறவெறி ஆட்சியில் 1959-இல் வந்த சட்டத்தால், அமைச்சரின் அனுமதி இல்லாமல் நம்மவர்கள் விட்ஸ், கேப் டவுன் போன்ற பல்கலைக்கழகங்களில் அப்போது சேர முடியவில்லை. இந்தியருக்கென்று 1961-இல் திறந்த கல்லூரி, டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில் நடந்தது. படகேறிப் போய்ப் படித்தவர் அவர். "உன்னைத் தடுக்க அப்படி ஒரு சட்டம் இல்லம்மா, போ" என்றார். அதற்கு அப்புறம்தான் அம்மா பெட்டி கட்டித் தந்தார்கள்.

விட்ஸில் முதல் தேர்வில் 41. தாளில் ஐந்து இடத்தில் சிவப்பு மையில் 'ஏன்?' என்று இருந்தது. ஐந்துக்கும் பதில் எழுதிக்கொண்டு ஆசிரியரிடம் போனேன். முக்கால் மணி நேரம் உட்காரவைத்துப் பேசினார். நான் தேடிப் போனது அந்த முக்கால் மணி நேரத்தைத்தான்.

விடுமுறைக்கு வந்தபோது அப்பாவின் கொடுங்கைக்கு நானே கணக்குப் போட்டேன். 10 எம்.எம். கம்பி போதும் என்றேன். அவர் 12 எடுத்தார். "கடல் காத்தும்மா, இரும்பைத் தின்னும்" என்றார். எவ்வளவு தின்னும், எத்தனை வருடத்தில்? அந்தக் கேள்வியோடுதான் ஜோகன்னஸ்பர்க் பஸ் ஏறினேன்.