ஜோசியரை மாற்றியது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ராத்திரி பத்தரை மணிக்கும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, வணக்கம்.

'கிளர்ச்சியை ஆராய்ந்து பார்த்தும் அரசுகள் தோற்பது ஆய்வாளர் பேனாவாலா, ஆள்வோர் காதாலா?' இதுதான் தலைப்பு. பேனாதான் என்று எதிரணித் தலைவர் அடித்துப் பேசிவிட்டுப் போனார். சம்பளம் கொடுக்கிறவனுக்குப் பிடித்ததைத்தான் ஆய்வாளன் எழுதுவான் என்றார். வியட்நாமைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். ஐயா, சாட்சியைப் பாதியிலேயே அனுப்பிவிட்டீர்களே! மீதியை நான் கேட்டுக்கொள்கிறேன்.

1964, தென் வியட்நாமின் தலைநகர் சைகோன். ராண்ட் என்கிற அமெரிக்க ஆய்வு நிறுவனத்திலிருந்து ஜோசப் ஸாஸ்லாஃப், ஜான் டானல் என்று இரண்டு பேர் வந்து இறங்குகிறார்கள். பென்டகனுக்கு, அதாவது அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு, தெரிய வேண்டியது ஒன்றுதான்: தென் வியட்நாம் அரசை எதிர்த்துக் கிளர்ச்சி செய்யும் இந்த வியட் காங் கம்யூனிஸ்ட் ஆட்கள் யார், எதை நம்பி இப்படிச் சாகத் துணிகிறார்கள்? கைதிகளையும் சரணடைந்தவர்களையும் எதிரே உட்காரவைத்து, நடுவில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் பேசவிட்டார்கள். எந்த ஊர், குடும்பத்துக்கு நிலம் உண்டா, யார் வந்து கூப்பிட்டார்கள், ஏன் போனாய்?

மிரட்டி இழுத்துவந்த கூட்டமாக இருக்கும் என்று நினைத்தார்கள். வந்த பதில் வேறு. நிலத்தில் நடந்த அநியாயம், அன்னியன் வெளியேற வேண்டும் என்ற வைராக்கியம், இயக்கத்தின்மேல் பிடிப்பு. இவர்கள் லேசில் உடைகிற ஆட்கள் இல்லை. இதை அந்த இரண்டு பேரும் மறைக்கவில்லை. வாஷிங்டன் அதிகாரிகள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். இந்த இடத்தில் பேனா என்ன தப்பு செய்தது, ஐயா?

நம் வீடுகளில் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. பையனுக்குப் பெண் பிடித்துவிட்டது, வரதட்சணையும் பேசியாயிற்று. ஜாதகத்தைக் கொண்டுபோனால், பொருத்தம் இல்லை என்கிறார் ஜோசியர். நாம் பெண்ணையா மாற்றுகிறோம்? ஜோசியரை மாற்றுகிறோம்!

அப்படி வந்த ஜோசியர்தான் ராண்டின் இன்னொரு ஆய்வாளர் லியோன் கூரே. 1964 கடைசியில் அந்தப் பேட்டித் திட்டத்துக்குள் வந்தார். குண்டுவீச்சில் வியட் காங் மனம் தளர்கிறது, கிராமத்து ஜனங்கள் அமெரிக்காவைவிட வியட் காங்கைத்தான் அதிகம் நொந்துகொள்கிறார்கள் என்று எழுதினார். விமானப்படை காதில் தேன் பாய்ந்தது. திட்டத்துக்குப் பணம் கூடியது. கூரே சொல்லித்தான் குண்டு போட்டார்கள் என்று நான் பேச மாட்டேன். போடுவது என்று மேலே தீர்மானித்துவிட்ட நேரத்தில் அவர் வந்து தலையாட்டினார், அவ்வளவுதான்.

எதிரணியில் சிரிக்கிறீர்கள். "நீயே ஒப்புக்கொண்டாய், கூரே பேனா கோணல்தானே?" கோணல்தான். மறுக்கவில்லை. ஆனால் அதே பேட்டிக் கட்டுகளைக் கான்ராட் கெல்லன் என்று இன்னொருவரும் படித்தார். ஜெர்மனியில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தின் உளவியல் போர்ப் பிரிவில் வேலை பார்த்தவர். எதிரியின் மனம் எப்போது உடையும் என்று கணிப்பதே அவர் தொழிலாக இருந்தது. இவர்கள் உடைய மாட்டார்கள் என்று அவர் எழுதினார். கைதிகள் அதே கைதிகள், காகிதம் அதே காகிதம், பேனா மட்டும் இரண்டு. ஒன்றைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டது யார்? இன்னொன்றுக்குக் காதைப் பொத்திக்கொண்டது யார்?

அடுத்து, கணினி பொய் சொன்னது என்றார் சகோதரி. கணினி பாவம்மா! 1967இல் 'குக்கிராம மதிப்பீட்டு முறை' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மாதாமாதம் அமெரிக்க ஆலோசகர் ஒருவர் தன் வட்டாரத்துக் குக்கிராமம் ஒவ்வொன்றுக்கும் 18 கேள்விக்கு மார்க் போட வேண்டும். ஏ, பி, சி, டி, ஈ. முழுக்க எதிரி கையில் என்றால் வி. பள்ளிக்கூடத்து ரேங்க் கார்டேதான். அந்த ஆலோசகரை நினைத்துப் பாருங்கள். பாஷை தெரியாது. பல ஊருக்கு ராத்திரியில் போகவே முடியாது. போன மாதம் 'சி' போட்ட ஊருக்கு இந்த மாதம் 'டி' போட்டால், அங்கே இத்தனை நாளாக நீ என்ன கிழித்தாய் என்று மேலிடம் கேட்கும். கை எங்கே போகும்?

அந்த மார்க்கையெல்லாம் கணினியில் போட்டுக் கூட்டினார்கள். 1967 கடைசியில் ஜனங்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்று கணக்கு வந்தது. 1968 ஜனவரி கடைசி, வியட்நாமியரின் டெட் புத்தாண்டு விடுமுறை. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் ஒரே சமயத்தில் தாக்குதல். சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். நல்ல மார்க் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்களுக்கு நல்ல மார்க் கிடைத்தது.

இன்னொரு நிமிடம் கொடுங்கள், நடுவர் அவர்களே. 1967இல் பாதுகாப்புச் செயலர் மக்னமாரா தானே உத்தரவு போட்டு, வியட்நாமில் என்னதான் நடந்தது என்று எழுதச் சொன்னார். 47 தொகுதி, சுமார் 7,000 பக்கம். எழுதியவர்கள் ஒளிக்கவில்லை, தப்பைத் தப்பென்றே எழுதிவைத்தார்கள். அது இரும்புப் பெட்டிக்குள் போயிற்று. ராண்டில் வேலை பார்த்த டேனியல் எல்ஸ்பர்க், ஆய்வில் அவருக்கும் பங்கு உண்டு, ராத்திரி ராத்திரியாக நகல் எடுத்து வெளியே கொடுத்தார். 1971 ஜூனில் பத்திரிகையில் வந்தது. அப்போதாவது அரசு அதைப் பிரித்துப் படித்ததா? அச்சிடாதே என்று தடை கேட்டுக் கோர்ட்டுக்கு ஓடியது. உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தடையை மறுத்தது.

மணி அடித்துவிட்டீர்கள். எனக்குக் காது கேட்கிறது, உட்கார்ந்துவிடுகிறேன். நன்றி, வணக்கம்.