அம்பாசடர் விடும் நீலப் புகை: ரிங்கா, வால்வு சீலா?

[காட்சி: காலை நேரம், ஷெட்டில் நிற்கும் வெள்ளை அம்பாசடர். ஸ்டார்ட் ஆனதும் பின்னால் நீலப் புகை.]

பார்த்தீர்களா? இரவெல்லாம் சும்மா நின்ற வண்டி. ஸ்டார்ட் செய்ததும் குபீரென்று புகை, அரை நிமிடத்தில் காணோம். கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. "ரிங் போச்சு சார், என்ஜினை இறக்கிடலாம்" என்று சொல்ல உடனே ஒருவர் வருவார். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி, ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் வளையம். கொஞ்சம் பொறுங்கள்.

இந்த வண்டியில் இருப்பது பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பி சீரிஸ் என்ஜின், 1489 சிசி. 1955-இல் வந்த எம்ஜிஏ என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே என்ஜின்தான். நம் அம்பாசடருக்கு அப்படி ஒரு பங்காளி! வால்வுகள் மேலே, சிலிண்டர்களை மூடும் ஹெட்டில் இருக்கின்றன. வால்வுகளை அமுக்கித் திறக்கும் ராக்கர்களுக்கு வரும் ஆயில், வால்வுத் தண்டைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் சீல்.

[காட்சி: உள்ளங்கையில் சின்னக் கறுப்பு ரப்பர் வளையம்.]

இவ்வளவுதான் அது. இப்போதைய கார்களில் சீல் ஒரு தொப்பி மாதிரி கைடின் (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய்) தலையில் உட்கார்ந்திருக்கும். இதில், ஸ்பிரிங் மூடியைத் தண்டோடு பிடித்துவைக்கும் வால்வு லாக்குக்குக் கீழே, தண்டைச் சுற்றி ஒரு ஓ-ரிங். வால்வோடு சேர்ந்து அதுவும் ஏறி இறங்கும். ஸ்பிரிங் மூடியின் நடுத்துளை வழியாக வழியும் ஆயிலைத்தான் அது நிறுத்தும். பக்கத்தில் தெறித்து கைடுக்குள் இறங்குவதை அதனால் தடுக்க முடியாது. வருடக்கணக்கில் சூட்டில் வெந்தால் ரப்பர் இறுகி, நகத்தால் அமுக்கினால் உடையும் அளவுக்குப் போய்விடும்.

சரி, ரிங்கா சீலா, எப்படிக் கண்டுபிடிப்பது? புகை எப்போது வருகிறது என்று பாருங்கள்.

குன்னூரில் இருந்து மேட்டுப்பாளையத்துக்கு கியரிலேயே இறங்குகிறீர்கள். கால் ஆக்சிலரேட்டரில் இல்லை, திராட்டில் (காற்று போகும் வழியின் கதவு) மூடியிருக்கிறது. பிஸ்டன் இழுக்கிறது, காற்று வர வழியில்லை. இன்டேக் பக்கம் கடுமையான வெற்றிடம். கைடில் இடைவெளி இருந்தால் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது போல ஆயில் உள்ளே போகும். கீழே வந்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பின்னால் வருபவருக்கு ரோடு தெரியாது. நீண்ட சிக்னலில் நின்று கிளம்பும்போதும் இதே கதை. இவை மேல்பக்க, அதாவது சீல், கைடு பக்கக் கோளாறின் அடையாளங்கள்.

ரிங் தேய்ந்த வண்டி வேறு மாதிரி. மேடு ஏறும்போது, பாரம் இழுக்கும்போது விடாமல் புகைக்கும். ஓடும் என்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புஸ் புஸ்ஸென்று ஊதும். சந்தேகம் தீரவில்லையா? கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங்தான்.

அப்புறம், ஹெட்டைக் கழற்றாமல் சீல் மாற்றலாமே என்று கேட்பீர்கள். பிளக் துளை வழியாகக் கயிறைத் திணித்து, பிஸ்டனை மேலே கொண்டுவந்து வால்வைத் தாங்கவைக்கும் வித்தை உண்டு. ஆனால் இந்த என்ஜினில் ராக்கர் ஷாஃப்டைப் பிடிக்கும் நட்டுகளில் சில, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. அவற்றை மட்டும் தளர்த்தினால் ஹெட் கோணலாகலாம், கேஸ்கெட்டும் போகலாம். தண்ணீரை வடித்து எல்லா நட்டையும் சீராகத் தளர்த்த வேண்டும். அவ்வளவு தூரம் போன பிறகு ஹெட்டை இறக்கிவிடுவதே மேல் என்பது என் கட்சி. இறக்கினால்தான் வால்வை ஆட்டிப் பார்க்க முடியும். கைடுக்குள் தடதடவென்று ஆடினால் புது ஓ-ரிங் போட்டும் பிரயோஜனமில்லை, கைடையும் மாற்றுங்கள்.

[காட்சி: ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி, குளோஸ்-அப்.]

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதலில் ஸ்பிரிங்கை மூடியோடு அமுக்குங்கள். ஆயிலில் நனைத்த ஓ-ரிங்கை அதற்குப் பிறகு தண்டில் இறக்குங்கள். கடைசியில் லாக். வளையத்தை முன்னாலேயே போட்டுவிட்டால் மூடி அதைக் கிழித்துவிடும், வெளியே தெரியவே தெரியாது.

எல்லாம் முடித்து ஸ்டார்ட் செய்தால் மறுபடியும் நீலப் புகை வரும். பயப்படாதீர்கள், சைலன்சருக்குள் தேங்கிக் கிடக்கும் பழைய ஆயில் அது. ஒரு நல்ல ஓட்டம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள்.