உங்கள் பாத்திரத்துக்கு என்னிடம் என்ன வேலை?

நேயர்களுக்கு வணக்கம். இணையத்தில் பலர் கூடி எழுதும் ரோல்பிளே கதைகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு பாத்திரம். உங்கள் பாத்திரம் சொன்னதை நீங்கள் எழுதுவீர்கள், அதற்கு என்னுடையது என்ன செய்தது என்று நான் எழுதுவேன்.

இது நேற்று முளைத்ததல்ல. 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்க, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’ விளையாட்டு முழுக்க எழுத்துதான், படமே கிடையாது. அதில் புள்ளி சேர்க்க வேண்டும். 1989இல் வந்த ‘டைனிமட்’ என்ற அதே வகை எழுத்து விளையாட்டு சண்டையையும் புள்ளியையும் ஓரங்கட்டியது. ஜனங்கள் பேசவும், புதுப்புது இடங்களை எழுத்திலேயே கட்டவும் வந்தார்கள். ஜெயிக்க ஒன்றுமில்லை என்றானபின் சுவாரசியம் எதிரில் இருப்பவரிடம்தானே?

சரி, அவரோடு கதையை எப்படிப் பின்னுவது? “நாம் அண்ணன் தங்கை என்று வைத்துக்கொள்வோமா?” என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள். இரண்டு நலம் விசாரிப்போடு அது படுத்துவிடும். உறவு முறை கதையாகாது. ஒருவருக்கு வேண்டியது மற்றவரிடம் இருக்க வேண்டும், அதைக் கொடுத்தால் அவருக்கு நட்டம் வர வேண்டும்.

உங்கள் பாத்திரம் அரண்மனை வைத்தியர் என்று வையுங்கள். மன்னர் விஷத்தால் இறந்ததை, மிரட்டலுக்குப் பயந்து, காய்ச்சல் என்று எழுதிவைத்தவர். என்னுடையது நாடு திரும்பும் இளவரசி. அவளுடைய மெய்க்காவலனுக்குக் காயம், அதை ஆற்ற இந்த வைத்தியர் ஒருவரால்தான் முடியும். அவள் அப்பாவைப் பற்றிக் கேட்காமல் இருக்கமாட்டாள். அவரால் அவளை விரட்டவும் முடியாது, அருகில் வைத்திருக்கவும் முடியாது. இனி அவர் கட்டுப் பிரிக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு காட்சி.

மூன்றாமவர் வந்தால் “என் பாத்திரமும் அரண்மனையில்தான் இருக்கிறது” என்பது போதாது. அவர் மருந்துக் கடைக்காரராக வரட்டும், விஷம் வாங்கியவரின் பெயர் அவருடைய கணக்கேட்டில் இருக்கட்டும். இப்போது இருவருமே அவரைத் தேடிப் போக வேண்டும்.

விஷ விவகாரம் எழுதுபவர்கள் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கலாம். என்னைக் கேட்டால், தெரிந்திருப்பதே நல்லது. ஆனால் இளவரசிக்குத் தெரியக் கூடாது. எனக்குத் தெரிந்ததை அவள் தலையில் ஏற்றினால் அது மெட்டாகேமிங், அப்புறம் ஒருவரும் உங்களை நம்பி ரகசியம் வைக்கமாட்டார்கள். “வைத்தியர் அழுதுகொண்டே உண்மையைக் கொட்டினார்” என்று நானே எழுதுவதும் அத்துமீறல்தான். அழுவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு.

நான் செய்யக்கூடியது, அந்தாதி போல என் பத்தியின் முடிவில் நீங்கள் தொடங்க இடம் விடுவது. ‘அவள் யோசித்தாள், வருந்தினாள், உறங்கினாள்’ என்று முடித்தால் நீங்கள் எதை வைத்து எழுதுவீர்கள்? ‘மேசையில் கிடந்த பழைய மருந்துக் குறிப்பைக் கையில் எடுத்தாள்’ என்று நிறுத்தினால் வைத்தியருக்கு வியர்க்கும்.

இன்னொன்று. எழுதுபவர்கள் திடீரென்று காணாமல் போவார்கள். அதனால் முடிச்சு முழுவதையும் ஒருவர் கையில் கொடுக்காதீர்கள். வைத்தியர் போனாலும் கணக்கேடு இருக்கிறது, கதை ஓடும். அவர் இரவோடு இரவாக ஊரைவிட்டு ஓடிவிட்டார் என்று எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் கொன்றுமட்டும் விடாதீர்கள். பரீட்சை முடிந்ததும் “நான் எங்கே விட்டேன்?” என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பார்.